தேர் பண்ணுதல்: எஞ்சின் டியூனிங் குறித்து ஒரு விளக்கம்

‘பண்ணுதல்’ என்னும் சொல்லை இன்று எழுத்துத் தமிழில் கையாள ஆசிரியர்கள் தயங்குகின்றனர். மாணவர் கட்டுரையில் அது வந்தால் சிவப்பு மையால் அடித்து, ‘செய்தல்’ என்று திருத்துவோரும் உளர். ஆயின் அச்சொல்லுக்கு இருந்த பழைய பெருமை வேறு. குதிரையையும் யானையையும் தேரையும் பூட்டி, ஓடுவதற்கு ஆயத்தமாக்குதல் பண்ணுதல் எனப்பட்டது. யாழின் நரம்பைப் பண்ணுக்கு இசைய நிறுத்துதலும் அதே பெயரைப் பெற்றது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் தொடக்கத்தில், மாதவி யாழைக் கையேற்றுச் செய்யும் செயல்களுள் முதலாவதாக நிற்பது பண்ணல் ஆகும். ஊர்தியை ஆயத்தமாக்குவதற்கும் இசைக்கருவியைச் சுருதி கூட்டுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி நம்முடையது. இன்று கார் மெக்கானிக்குகள் ‘டியூனிங்’ என்று வழங்குவதும் இவ்விரண்டின் கூட்டுத்தானே!

இப்பொருளை இம்மலரில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கம்பைநல்லூர், மொரப்பூர், காரிமங்கலம் வட்டாரத்து இளைஞர் பலர் வேலையின் பொருட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் சென்று வருகின்றனர். அவர்கள் கொண்டுவரும் செய்திகளுள் ஒன்று, ‘மாமா, நம்ம வண்டிக்கு ரீமேப் போட்டா இன்னும் நல்லா இழுக்கும்’ என்பது. தந்தை கடன் பெற்று வாங்கிய வண்டி. மருத்துவமனைக்கும் மணவீட்டிற்கும் தேங்காய் மண்டிக்கும் குடும்பமே நம்பியிருக்கும் வண்டி. அதன் மூளையைத் திறந்து மாற்ற ஒப்புக்கொள்ளுமுன், அங்கே என்ன நடக்கின்றது என்று வீட்டுப் பெரியவர்களும் அறிந்திருத்தல் நலம்.

கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பத்மினிக் காலத்தில் டியூனிங் என்பது காதும் கையும் சார்ந்த கலை. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைச் சரிபார்ப்பார். டிஸ்டிரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவார். கார்புரேட்டரின் திருகை முடுக்கியும் தளர்த்தியும் எஞ்சினின் ஒலியைக் கேட்பார். ஒலி சீரானதும் கையைத் துடைத்துக்கொள்வார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பின்னர், 2000-ஆம் ஆண்டையொட்டி, அப்பொறுப்பு ஒரு சிறு பெட்டிக்குள் குடிபுகுந்தது. அதனை ஈ.சி.யூ. என்பர். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி அது.

அப்பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் அட்டவணைகளே. நாம் பள்ளியில் படித்த வாய்பாட்டைப் போன்றவை. மேலே எஞ்சினின் சுற்று வேகம். பக்கவாட்டில் ஓட்டுநர் கேட்கும் இழுவை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். இத்தனை மில்லிகிராம் டீசல் செலுத்துக, இத்தனை பாகை முன்னதாகப் பொறி கொளுத்துக, டர்போவின் அழுத்தம் இவ்வளவு இருக்கட்டும் என்று அந்த எண் கட்டளையிடும். இந்த அட்டவணைகளையே ‘மேப்’ என்கின்றனர். அவ்வெண்களை மாற்றி எழுதுவது ரீமேப். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

தயாரிப்பாளர் ஏன் முழு ஆற்றலையும் தராமல் மிச்சம் வைக்கின்றார் என்னும் வினா நியாயமானது. அவர் இராஜஸ்தானத்து வெயிலுக்கும் இமயத்துக் குளிருக்கும், நல்ல எரிபொருளுக்கும் கலப்படத்திற்கும், ஆயில் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவருக்கும் சேர்த்து ஒரே அட்டவணையை எழுத வேண்டியவர். புகை விதியையும் மீறலாகாது. கிளட்சும் கியர்பாக்ஸும் உறுதிமொழிக் காலம் வரையிலேனும் தாங்கவேண்டும். ஆகவே அவர் எல்லைக்குச் சற்று முன்பே நின்றுவிடுகின்றார். ரீமேப் செய்பவர் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். இல்லாத ஒன்றை அவர் படைப்பதில்லை. அவசரத்திற்கென்று வைத்த சேமிப்பிலிருந்து எடுக்கின்றார்.

இதனை ஓர் எஞ்சினை வைத்தே பார்க்கலாம். 1248 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஃபியட்டின் மல்டிஜெட் டீசல் எஞ்சின் நம் சாலைகளில் பல பெயர்களில் ஓடியது. 2007-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசலில் அது 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 2011-இல் வந்த எஸ்.எக்ஸ்.4 டீசலில் அதே கொள்ளளவு 90 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. புதிய புகை விதி நடைமுறைக்கு வந்த 2020-ஐ ஒட்டி இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் நம் ஊர்ப்புறங்களில் உழைக்கின்றன.

இவ்வெண்களைக் கண்டதும், ‘வெறும் எண்ணை மாற்றித்தானே 15 குதிரைத்திறன் கூட்டினார்கள்’ என்று முடிவுகட்டுவோர் பலர். அது தவறு. எஸ்.எக்ஸ்.4-இல் டர்போவே வேறு. அதன் இதழ்கள் எஞ்சினின் வேகத்திற்கேற்பத் தாமே கோணம் மாறுவன. ஸ்விஃப்டில் இருந்தவை மாறாதவை. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையும் சுற்று வேகமும் பெருகிய பயன். 190 நியூட்டன் மீட்டர் நிமிடத்திற்கு 2000 சுற்றில் கிடைத்தால் அது ஏறத்தாழ 54 குதிரைத்திறனே. 4000 சுற்றில் 75 குதிரைத்திறன் வரும்போது முறுக்குவிசை 132 அளவிற்கு இறங்கியிருக்கும். உயர் சுற்றில் காற்று போதாமல் எஞ்சின் மூச்சு வாங்குகின்றது என்பது இதன் பொருள். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால், எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும். புகைபோக்கிக்குச் செல்லும் வாயுவின் வெப்பம் ஏறும். டர்போவின் ஆயுள் குறையும். சாலையில் கரும்புகை கக்கிக்கொண்டு முந்திச் செல்லும் காரைப் பார்த்து, ‘நல்ல டியூனிங்’ என்று வியப்பவரைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. எரிக்காமல் கொட்டிய காசு அல்லவா அது!

பெட்ரோல் எஞ்சினின் நிலை வேறு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்கான எடைக் கணக்கு. இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5 ஆகும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். வெளிநாட்டில் தூய பெட்ரோலுக்கென எழுதிய மேப்பை வாங்கி அப்படியே ஏற்றுவோர் இதனை எண்ணிப்பார்ப்பதில்லை. பொறி கொளுத்தும் நேரத்தை அளவுக்கு மீறி முன்தள்ளினால், உருளைக்குள் கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போல் அடிக்கும். இதனையே மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பர். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ரீமேப்பால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். டர்போ உள்ளவற்றில்தான் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கூட்ட இயலும். சிறிய பெட்ரோல் வண்டிக்குப் பெரிய எண்களைச் சொல்லி விலைபேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நன்று.

இனி, ஆர்டர் கொடுப்பதும் பொருத்துவதும். இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, டியூனிங் பாக்ஸ். டீசல் குழாயில் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவே இது அமர்ந்துகொள்ளும். உண்மை அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். அதனை நம்பிய ஈ.சி.யூ. அழுத்தத்தைக் கூட்டும். சுருங்கச் சொன்னால் இது ஒரு பொய்த்தூது. கழற்றுவது எளிது என்பதே இதன் சிறப்பு. பெட்ரோல் வண்டிகளுக்கு இவ்வாறு இடையில் அமரும் கருவிகளைப் பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் ‘பவர்டிரானிக்’ என்னும் பெயரில் செய்து வருகின்றது.

மற்றொன்று, அட்டவணையையே மாற்றி எழுதுவது. இதற்கு வண்டியின் பெயரும் ஆண்டும் மட்டும் போதா. ஈ.சி.யூ.வின் வகையும், அதில் உள்ள மென்பொருளின் எண்ணும் வேண்டும். ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள ஓ.பி.டி. இணைப்பில் கருவியைச் செருகி, உள்ளே இருக்கும் மூலக்கோப்பை முதலில் படித்தெடுப்பர். அது டியூனரின் கணிப்பொறிக்குச் செல்லும். பல இடங்களில் கருவியை வைத்திருப்பவர் ஒருவர், எண்களை எழுதுபவர் தொலைவில் உள்ள வேறொருவர். இன்னார் எழுதுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை காசு கொடுப்பவருக்கு உண்டு. திருத்திய கோப்பில் கூட்டுச்சரிபார்ப்பு எண் ஒன்றைச் சரிசெய்து மீண்டும் ஏற்றுவர். ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தளர்ந்தாலோ இணைப்பு அறுந்தாலோ எழுத்து பாதியில் நின்று, வண்டி அசையாத இரும்பாகிவிடும். ஆகவே சார்ஜரை இணைக்காமல் இவ்வேலையைத் தொடங்குபவரை நம்பலாகாது. மூலக்கோப்பின் ஒரு பிரதியை உரிமையாளர் தம் கையில் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். கோப்பு தொலைந்தபின் பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாடு.

எழுதுவதற்கு முன் வண்டியின் உடல்நலத்தைப் பார்த்தல் இன்றியமையாதது. டர்போவிற்குச் செல்லும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கும், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும், கிளட்ச் தேய்ந்திருக்கும். வண்டி இழுக்காததற்குக் காரணம் இவையாக இருக்க, ரீமேப்பைத் தேடிச் செல்வோர் பலர். ஃபில்டரை மாற்றியதுமே ‘போன இழுவை திரும்பி வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர்களை நான் அறிவேன். அதன்பின்னும் வேண்டுமென்றால், சக்கரங்களை உருளைமீது ஓடவிட்டு ஆற்றலை அளக்கும் டைனமோமீட்டரில் முன்னும் பின்னும் அளந்து, இரு வரைபடங்களையும் கேட்டுப் பெறவேண்டும். சக்கரத்தில் அளக்கும் எண் எஞ்சினின் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு ஏமாறக்கூடாது.

தமிழ்நாட்டிற்கு இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. போர்க்கால விமானத்தளமாகிய சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவர்தன், எளிய மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார்களை உருவாக்கினார். அண்மைக் காலத்தில் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் இணைந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்னும் காரை வெளியிட்டன. சாதாரண டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன். இதில் டர்போவுடன் கூடிய எஞ்சின் 114 குதிரைத்திறன். ஆனால் அவர்கள் எஞ்சினோடு நிற்கவில்லை. கியர் விகிதங்களை மாற்றினர். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினர். அகன்ற டயர் இட்டனர். ஆற்றலைக் கூட்டினால் மற்றவற்றையும் கூட்டவேண்டும் என்று அத்தொழிலை அறிந்தோர் செய்துகாட்டிய பாடம் அது. அக்கூட்டு முயற்சி 2020-இல் முடிவுக்கு வந்தது.

நம் வட்டாரத்தில் இதன் பொருள் என்ன? தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாய் இருக்கின்றது. அங்கே நேர்ந்த விபத்துகள் வண்டி இழுக்காததனால் நேர்ந்தவை அல்ல. இறக்கத்தில் நிற்காததனால் நேர்ந்தவை. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 100-ஐத் தொட்டால் வேகம் கால் பங்குதான் கூடுகின்றது. ஆயின் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகின்றது. ரீமேப் பிரேக்கைத் தொடுவதில்லை, டயரையும் தொடுவதில்லை. கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் செல்லும் சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் மாட்டு வண்டியும் தேங்காய் ஏற்றிய டெம்போவும் குறுக்கிடுவர். கையில் இருக்கும் தொகைக்கு முதலில் நல்ல டயர் நான்கும் பிரேக் பேடும் வாங்குவதே தக்கது என்பது என் கருத்து.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபட வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. புகையைப் பொறுத்தவரை மென்பொருளும் குற்றக்கருவி ஆகலாம் என்பதை உலகிற்குக் காட்டியது 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் விவகாரம். சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் நிரல், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் இருந்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ளது. ரீமேப்போடு அதனையும் ‘எடுத்துவிடுகிறோம்’ என்று சொல்பவர் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில் கைவைக்கின்றார்.

மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். தயாரிப்பாளரின் உறுதிமொழியும் கைவிட்டுப் போகும். அத்தனையும் அறிந்தபின் ஒருவர் செய்துகொள்வாராயின், ஆயிலைக் குறித்த கிலோமீட்டருக்கு முன்னரே மாற்றுவதும், நெடும்பயணம் முடித்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு டர்போவைக் குளிரச் செய்தபின் அணைப்பதும் வழக்கமாகட்டும். வண்டியை விற்கும் நாளில் மூலக்கோப்பை மீண்டும் ஏற்றிவிட்டு, செய்திருந்த மாற்றத்தையும் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும்.