காற்று அங்கே, நீரோட்டம் இங்கே! கொச்சிக் கடலின் ஊசலாட்டம்

கொச்சி: "எம்.எஸ்.சி. எல்சா-3" சரக்குக் கப்பல், 640 பெட்டகங்களுடன் 2025 மே 25-ஆம் தேதி கொச்சி அருகே அரபிக் கடலில் மூழ்கியது. சில நாள்களில் பெட்டகங்கள் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஒதுங்கின. பிளாஸ்டிக் துகள்கள் திருவனந்தபுரம் வரை சென்றன. கப்பல் மூழ்கிய பகுதியில் மீன்பிடிக்க வேண்டாமென மீனவர்கள் எச்சரிக்கப்பட்டனர். நீரோட்டம் எப்பக்கம் திரும்பும் என்பது, மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி துறைமுகப் படகுகளுக்குப் பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்நீரோட்டம் தெற்கு நோக்கியும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கு நோக்கியும் ஓடுகிறது. இதற்கிடையே, ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில் அதன் வேகமும், சில வேளைகளில் திசையும் ஊசலாடுகின்றன. உள்ளூர்க் காற்றைக் கொண்டு மட்டும் இதை விளக்க இயலாது.

சரிவே வழிகாட்டி: கரையிலிருந்து மெல்லச் சாயும் கண்டத்திட்டு, சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குப் பின் வேகமாகச் சரிகிறது. பூமியின் சுழற்சியால், வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்புறம் திரும்ப முயல்கிறது. கரையும் சரிவும் அதைத் தடுக்கின்றன. இதனால் கரையோடு பிணைக்கப்படும் "கெல்வின் அலை", கரையை வலப்புறம் கொண்டே பயணம் செய்கிறது. வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, கேரளக் கரையில் வடக்கே ஏறுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும் இந்த அலை, கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டரே உயர்த்துகிறது. ஆனால், ஆழத்தில் உள்ள குளிர்நீர் அடுக்கைப் பல மீட்டர் ஏற்றி இறக்குகிறது. மீன்களுக்கு உணவாகும் சத்துகள் அந்த அடுக்கில்தான் உள்ளன.

இந்த அலையை எழுப்புவது பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக் காற்றே என்று விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அக்காற்றின் ஏற்ற இறக்கத்துக்கு முக்கியக் காரணம், 1971-இல் கண்டறியப்பட்ட "மேடன்-ஜூலியன் ஊசலாட்டம்" எனும் வானிலை நிகழ்வாகும்.

கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனம், மும்பை, கோவா, கொல்லம், கன்னியாகுமரிக்கு அப்பால் கண்டச் சரிவில் கருவிகளை நங்கூரமிட்டு, ஒலியலைகள் மூலம் நீரோட்டத்தை அளந்து வந்துள்ளது.

முன்னறிவிப்பு: இலங்கைக்குத் தெற்கே எழும் அலை கொச்சியை எட்டச் சில நாள்கள் ஆகும். எண்ணெய்க் கசிவைத் தடுக்கவும், கடலில் தத்தளிப்போரைத் தேடவும் அந்த அவகாசம் உதவும். ஆனால் அதற்கு, தொலைவில் உள்ள கருவிகள் இடைவிடாமல் இயங்க வேண்டும்.