எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அப்படியொன்றை நானே செய்து பார்க்க ஆசைப்பட்டபோது வாப்பா தேடிப்பிடித்து வாங்கித் தந்தது 'டிராகன் புத்தகம்'. அட்டையில் டிராகன் இருப்பதால் அந்தப் பெயர். அஹோ, சேத்தி, உல்மன் 1986இல் எழுதியது. 2006ஆம் ஆண்டுப் பதிப்பு ஏறத்தாழ ஆயிரம் பக்கம்! நிரலின் இலக்கணத்தைப் பகுத்தறியும் நான்காம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டேன். எனக்குத்தான் மூளை போதாது என்று நினைத்தேன். வாப்பாவின் காசை நினைத்து அழுகையும் வந்தது.

பிறகுதான் ராபர்ட் நிஸ்ட்ரமின் 'கிராஃப்டிங் இன்டர்பிரட்டர்ஸ்' கிடைத்தது. இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ஒரு சிறு மொழியை முதலில் ஜாவாவிலும் பின்னர் சி மொழியிலும் கட்டுகிறார். இரண்டாம் பாதியில் கம்பைலரும் வருகிறது. நிரலின் ஒரு வரிகூட விடுபடவில்லை. எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன். 2 + 3 * 4 என்று கொடுத்தேன், 20 வந்தது. பெருக்கலுக்கு முன்னுரிமை தரும் விதியைப் பிழையாக எழுதியிருந்தேன். திருத்தி 14 வந்த இரவில்தான் அந்த நான்காம் அத்தியாயம் என்ன பேசுகிறதென்று விளங்கியது.

பக்கம் குறைவாக வேண்டுமானால் பாஸ்கலை உருவாக்கிய விர்த்தின் 1996ஆம் ஆண்டு நூல் உண்டு. ஆனால் அதிலுள்ள ஒபெரன் மொழி நமக்குப் பழக்கமில்லை.

பெற்றோரே, வாங்குமுன் இரண்டைப் பாருங்கள்: பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? முதல் சில அத்தியாயங்களிலேயே ஏதாவது ஓடுமா?

டிராகன் இன்னும் என் மேசையில்தான். சந்தேகம் வந்தால் திறக்கிறேன்.