பழைய நான்கு சக்கர இழுவை டிராக்டர் விலை சரிவது ஏன்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டாரம் நன்செய்யும் புன்செய்யும் கலந்த பகுதியாகும். இறவை நிலங்களில் நெல்லும் கரும்பும், செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரியும் மணிலாவும் பயிராகின்றன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் டிராக்டர் சேற்றில் சறுக்காமல் இழுக்கும் என்பதால் விவசாயிகள் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குகின்றனர். ஆனால் விற்கும்போது அந்தக் கூடுதல் விலை முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. கடனில் வாங்கியவருக்கு, விற்ற பணம் நிலுவையை அடைக்கவே போதாமல் போகலாம். எனவே காரணங்களை அறிந்திருத்தல் நலம்.

முன் அச்சு

சாதாரண டிராக்டரில் முன் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கித் திரும்ப மட்டுமே பயன்படுகின்றன. நான்கு சக்கர இழுவையில் முன் அச்சுக்குள் டிபரன்ஷியல், பல்சக்கரங்கள், பேரிங்குகள், ஆயில் சீல்கள் உள்ளன. சேற்றுழவில் சீல் தேய்ந்தால் நீரும் மண்ணும் உள்ளே புகும். ஆயில் மோர் போல வெளுக்கும். பேரிங்கும் பல்சக்கரமும் கெடும். வெளியே பார்த்தால் இது தெரியாது. ஆகவே வாங்குபவர், வரக்கூடிய செலவையும் கணக்கிட்டே விலை கேட்கிறார்.

டயர் தேய்மானம்

இவ்வகை டிராக்டரில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று விரைவாக ஓடும்படி அமைக்கப்படுகின்றன. பின் சக்கரம் 100 அடி ஓடினால், முன் சக்கரம் சுமார் 101 முதல் 105 அடி வரை ஓடப் பார்க்கும். ஈர மண்ணில் இந்த வேறுபாடு சறுக்கலில் தீர்ந்துவிடும். தார்ச் சாலையில் அதற்கு இடமில்லை. டயர் உரசித் தேயும், பல்சக்கரங்கள் முறுக்கம் தாங்கும். கரும்பு டிரெய்லருடன் முன் இழுவையைப் போட்டபடியே சாலையில் ஓட்டிய வண்டியின் ஆயுள் குறைவதற்கு இதுவே காரணம். இதன் முன் டயர்கள் சாதாரண முன் டயர்களைவிட விலை கூடியவை.

கேட்பார் குறைவு

முந்திரித் தோப்பில் இடையுழவுக்கும் மணிலாக் கொல்லை உழவுக்கும் சாதாரண டிராக்டரே பெரும்பாலும் போதும். ஆகவே மானாவாரிப் பகுதியில் இதைக் கேட்பவர் குறைவு. சேற்றுழவு மிகுந்த நன்செய்ப் பகுதிகளில் விசாரித்தால் நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு.

புதிய வண்டியின் விலை

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 8 லட்ச ரூபாய் விலையுள்ள வண்டிக்கு வரி 96,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகிறது. புதியது 56,000 ரூபாய் மலியும்போது, பழையதற்கு முன்போல் விலை கேட்க முடியாது.

விற்க நினைப்போர் செய்ய வேண்டியவை

கெட்டியான சாலையில் முன் இழுவையை விடுவித்தே ஓட்ட வேண்டும். முன் அச்சு ஆயிலைக் கையேட்டில் கூறிய மணிக்கணக்குப்படி மாற்ற வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் சீல்களைக் கழுவிப் பார்த்தல் அவசியம். டயர்களை ஜோடியாகவும் கையேட்டில் கண்ட அளவிலும் மாற்ற வேண்டும். அளவு மாறினால் முன்பின் வேகப் பொருத்தம் கெடும். பழுதுபார்த்த ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் பேரம் பேசும்போது கைகொடுக்கும். கடன் தீர்ந்ததும் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் சாடியைத் தட்டி ஓசை கேட்டு விரிசலை அறிவது போல, இதிலும் சோதித்தே வாங்க வேண்டும். முன்புறத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கவும். அச்சின் வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி ஆயிலைப் பார்க்கவும். வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, இரும்புத் துகள் மின்னினால் பல்சக்கரம் தேய்ந்துள்ளது. ஈர நிலத்தில் முன் இழுவையைப் போட்டு ஓட்டி, முன் சக்கரங்கள் இழுக்கின்றனவா என்று பார்க்கவும். விலை முடிந்ததும் படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் செய்தல் வேண்டும்.

ஆண்டில் சில நாள் மட்டுமே சேற்றுழவு உள்ளவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் வாடகைக்கு எடுத்துச் செலவைக் கணக்குப் பார்த்தபின் வாங்குவதே நல்லது.