மாதம் ஒரு பாகம் வாங்கலாமா?

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் திண்டுக்கல் நண்பர்கள் சிலர், "மாதம் ஒரு பாகமா வாங்கிச் சேர்த்துடலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். சீட்டுக் கட்டுவது போல வசதிதான். ஆனால் வாரண்டி பில் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். சித்திரையில் வாங்கிய மதர்போர்டை, ஆவணியில் ப்ராசஸர் வந்த பிறகுதானே சோதிக்க முடியும்? கேபினெட், கீபோர்டு, மானிட்டரை வேண்டுமானால் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். நான்கையும் பணம் சேர்த்து ஒரே வாரத்தில் வாங்குங்கள்.

முதலில் ப்ராசஸர், அதன் சாக்கெட்டுக்கேற்ற போர்டு, போர்டுக்கேற்ற ராம். ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். பழைய டி.டி.ஆர்.4 ராம் உதவாது.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் எப்போதும் பலிக்காது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. 2025 கடைசியில், மெமரி தயாரிப்பாளர்கள் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பியதால் ராம் விலை சில மாதங்களிலேயே இருமடங்கைத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை மட்டும் போட்டு, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடலாம். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கலாம். பழுதானால் மறுபடியும் பஸ் ஏற வேண்டுமே! மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் நான் உள்ளூரில்தான் வாங்குகிறேன்.