கடுங்குளிரில் வாழ்தல்: யாக்குட்ஸ்க் நகரின் மாரிகாலம்



மாரி என்றதும் எமக்கு நினைவில் வருவது மழையும் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையுமே. ஆனால் புவியியலில் உயர் அகலக்கோட்டு நாடுகளைப் பற்றிப் படிக்கும்போது மாரிகாலம் என்பது கடுங்குளிர்ப் பருவத்தையே குறிக்கும். அப்படியான மாரியை மனிதர் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதை இங்கு நோக்குவோம்.

‘சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் கட்டடங்கள் தூண்களின் மீது அமைக்கப்பட்டிருப்பது ஏன்?’ என்று எனது வகுப்பில் ஒரு மாதிரி வினாத்தாளில் கேட்டிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் ‘வெள்ளம் புகாதிருப்பதற்காக’ என்று எழுதியிருந்தனர். அவர்களைக் குறை கூறவும் முடியாது. எமது ஊரில் வீட்டை உயர்த்திக் கட்டினால் காரணம் அதுதான். இன்னும் பலர் ‘மக்கள் கம்பளி உடை அணிவர், அது உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும்’ என்று எழுதியிருந்தனர். இரண்டுக்கும் புள்ளி இல்லை. வெப்பம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பதைக் கவனியாததே இரண்டு பிழைகளுக்கும் காரணம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். யாக்குட்ஸ்க், ரஷ்யாவின் சகா குடியரசின் தலைநகர். லீனா ஆற்றின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 62 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கு வாழ்கின்றனர். ஜனவரிச் சராசரி வெப்பநிலை −40 பாகை செல்சியஸை அண்மித்தது.  ஜூலையிலோ சராசரி 19 பாகை அளவில் இருக்கும். 30 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. இதற்கும் வடக்கேயுள்ள வெர்க்கோயான்ஸ்கில் 1892இல் −67.8 பாகையும் 2020 ஜூனில் 38 பாகையும் பதிவாகியுள்ளன. வித்தியாசம் 105 பாகைக்கு மேல். கண்டக் காலநிலைக்கு உதாரணம் கேட்டால் இவ்விரு எண்களையும் தயங்காமல் எழுதலாம்.

இவ்வளவு குளிர் ஏன்? உயர் அகலக்கோடு, சமுத்திரத்திலிருந்து தூரம், பசுபிக்கின் செல்வாக்கைத் தடுக்கும் கிழக்கு மலைத்தொடர்கள் ஆகியவை நீங்கள் அறிந்த காரணங்கள். மாரியில் பகல் ஐந்து மணித்தியாலம் வரை குறுகிவிடும். வானம் தெளிந்திருப்பதால் தரை தனது வெப்பத்தைக் கதிர்வீசலால் இழந்துகொண்டேயிருக்கும். குளிர்ந்து பாரமான வளி தரையோடு தேங்கி நிற்கும். இதுவே சைபீரிய உயர் அமுக்கம். அங்கு மாரியில் காற்று வீசுவது குறைவு என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

இனி உடலுக்கு வருவோம். எமது உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. இங்கே அடுப்பு உடல்தான். விறகு நாம் உண்ணும் உணவு. இதனாலேயே சகா மக்களின் உணவில் குதிரை இறைச்சி, கொழுப்பு மிக்க மீன், வெண்ணெய், பாலாடை என்பன முக்கிய இடம் பெறுகின்றன. உடை அடுப்பல்ல. ஒரு கம்பளிச் சட்டையை வெறும் கதிரையில் போட்டு வைத்தால் கதிரை சூடாகுமா? உடை செய்வது, உடலிலிருந்து புறப்படும் வெப்பத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே. அதையும் செய்வது பெரும்பாலும் நூலல்ல, நூலிழைகளுக்கிடையில் அகப்பட்டிருக்கும் வளி. வளி ஓர் அரிதிற்கடத்தி. ஆனால் அது அசையாமல் நிற்க வேண்டும். சுடுதேநீரை ஊதினால் ஆறிவிடுகிறது, மூடி வைத்தால் ஆறத் தாமதமாகிறது அல்லவா? நிற்கும் வளி வெப்பத்தைக் காக்கிறது, ஓடும் வளி வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டால் யாக்குட்ஸ்க் முழுவதும் விளங்கிவிடும்.

கலைமானின் உரோமம் அங்கு பெரிதும் விரும்பப்படுவதும் இதனாலேயே. அதன் ஒவ்வொரு மயிரினுள்ளும் வளி நிறைந்த வெற்றிடங்கள் உண்டு. கலைமானின் கால் தோலில் தைத்த உயரமான உரோமச் சப்பாத்துகளை அங்கு பரவலாக அணிவர். ஒரே தடித்த உடையைவிடப் பல அடுக்குகளாக அணிவது நல்லது. அடுக்குகளுக்கிடையிலும் வளி நிற்கும். விரல்களைத் தனித்தனியே பிரிக்காத கையுறை கூடுதல் சூட்டைப் பேணும். கனடாவுக்குச் சென்ற எனது பழைய மாணவி ஒருவர், முதல் மாரியில் இறுக்கமான சப்பாத்துக்குள் மூன்று சோடி காலுறைகளைத் திணித்துக்கொண்டு வெளியே போனாராம். விரல்கள் விறைத்ததுதான் மிச்சம். காலுறைகள் நசுங்கியதால் வளிக்கு இடமில்லை, கால் விரல்களில் இரத்தவோட்டமும் குறைந்துவிட்டது.

வியர்வையும் ஓர் எதிரியே. நீர், வளியைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். வியர்த்து நனைந்த உடை உடலின் வெப்பத்தை விரைவாக வெளியே விட்டுவிடும். ஆதலால் வேலை செய்யும்போது உடல் வியர்க்க முன்னரே மேலுடையைத் தளர்த்துவர். காற்று வீசாத −40 பாகையைவிட, பலத்த காற்றோடு கூடிய −25 பாகை தாங்குவதற்குக் கடினமாகத் தோன்றக்கூடும். முன்னர் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

வீடும் ஒருவகை உடைதான். சகா மக்களின் பழைய மாரிகால வீடு ‘பலகான்’ எனப்படும். சாய்வாக நிறுத்திய மரக்குற்றிச் சுவர்கள் மீது களிமண்ணும் சாணமும் பூசுவர். கூரையிலும் மண் போடுவர். மாட்டுத்தொழுவம் வீட்டோடு ஒட்டியபடியே இருக்கும். மாடுகளின் உடற்சூடும் வீணாவதில்லை. மாரியில் யன்னல்களுக்கு ஆற்றுப் பனிக்கட்டியைப் பலகையாக வெட்டிப் பொருத்துவர். வெளிச்சம் வரும், காற்று வராது. எமது பாட்டிமாரும் சாணம் மெழுகினர்தான். ஆனால் அங்கு அதன் பயன் வேறு.

இன்றைய அடுக்குமாடிகளில் யன்னலுக்கு இரண்டு மூன்று கண்ணாடிகள், வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள். இடையில் நிற்கும் வளியே காவல். இயற்கை வாயுவால் இயங்கும் நிலையங்களிலிருந்து சுடுநீர் குழாய்கள் மூலம் வீடுகளுக்கு வருகிறது. வெளியே −45 பாகையாக இருக்கும்போது உள்ளே மெல்லிய சட்டையுடன் இருப்பார்கள்.

இப்போது தூண்களுக்கு வருவோம். அந்த நகரத்தின் அடியில் உள்ள நிலம் நிரந்தரமாக உறைந்தது. கோடையில் மேற்படை மட்டும் உருகும். 1828இல் ஷெர்கின் என்ற வணிகர் ஒருவர் நீருக்காக அங்கு கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டி 116 மீற்றர் ஆழத்தை எட்டியும் நிலம் உறைந்தே இருந்தது. நீர் கிடைக்கவில்லை; ஆனால் விஞ்ஞானிகளுக்குப் பெரிய சான்று கிடைத்தது. அந்தக் குழி ‘ஷெர்கின் சுரங்கம்’ என்ற பெயரில் இன்றும் உள்ளது.

உறைந்திருக்கும்வரை இந்நிலம் பாறைபோல் உறுதியானது. உருகினால் சேறு. சூடான வீட்டை நேரே நிலத்தில் கட்டினால் என்ன நடக்கும்? வீட்டின் வெப்பம் கடத்தல் மூலம் கீழே இறங்கி, தான் நிற்கும் நிலத்தைத் தானே உருக்கிவிடும். சுவர் வெடிக்கும், கட்டடம் சாயும். எனவே கொங்கிறீற்றுத் தூண்களை உறைந்த நிலத்துக்குள் ஆழமாக இறக்கி, கட்டடத்துக்கும் தரைக்குமிடையே ஒன்று இரண்டு மீற்றர் இடைவெளி விடுகின்றனர். மாரியில் அவ்வெளியினூடாகக் குளிர்ந்த வளி அசைந்து, மேலிருந்து இறங்கும் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும். வீட்டுக்குள் வளி நிற்க வேண்டும், வீட்டின் கீழ் வளி ஓட வேண்டும். வெப்பநீர்க் குழாய்கள் புதைக்கப்படாமல், உறை சுற்றப்பட்டு வீதியோரமாக நிலத்துக்கு மேலே செல்வதும் இதே காரணத்தால். அண்மைக் காலமாகப் புவி வெப்பமடைவதால் உறைநிலத்தின் மேற்பகுதி முன்னரைவிட அதிகம் உருகிவருகிறது. நகரத்தின் சில பழைய கட்டடங்களில் வெடிப்புகளும் சாய்வும் ஏற்பட்டுள்ளன.

குளிர் சில வசதிகளையும் தருகிறது. சந்தையில் மீன்கள் குளிரூட்டி இல்லாமலே விறகுபோல் நிறுத்தி வைக்கப்பட்டு விற்கப்படும். கிராமங்களில் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து வீட்டருகே அடுக்கிவைத்து, உருக்கிக் குடிப்பர். வாகன இயந்திரத்தை வெளியே நிறுத்தி அணைத்தால் மறுபடி இயங்குவது கடினம் என்பதால், ஓடாத வாகனங்களும் உறுமிக்கொண்டே நிற்கும். வெப்பநிலை −45 பாகை அளவுக்கு இறங்கினால் முதலில் கீழ் வகுப்புகளுக்கு விடுமுறை. இன்னும் இறங்கினால் மேல் வகுப்புகளுக்கும். (இதை மட்டும் எனது மாணவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.) கடுங்குளிரில் விடும் மூச்சு உடனே பனித்துகள்களாகி மெல்லிய சரசரப்பை எழுப்பும். அதனை அம்மக்கள் ‘விண்மீன்களின் கிசுகிசுப்பு’ என்பர்.

பயிற்சி வினா

யாக்குட்ஸ்கில் ஒரு கட்டடத்தின் கீழுள்ள இடைவெளியைக் குடியிருப்போர் பலகைகளால் அடைத்துக் களஞ்சியமாகப் பயன்படுத்தினர். சில ஆண்டுகளில் மேல்மாடிச் சுவர்களில் வெடிப்புத் தோன்றியது. காரணத்தை ஐந்து வரிகளில் விளக்குக. (‘வெள்ளம்’ என்ற சொல் வரக்கூடாது.)