விதைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் புரதக் கோடுகள்

நல்ல விதையே நல்ல விளைச்சலுக்கு அடிப்படை. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் விதைகள் எல்லாம் ஒரே இனமாக இருந்துவிடுவதில்லை. வீரிய ஒட்டுப் பருத்தியில் கலப்பு இருப்பது பூவும் காயும் பிடிக்கும்போதுதான் வெளிப்படுகிறது. அதற்குள் உழவுக்கும் உரத்துக்கும் பணம் செலவாகிவிடும், பருவமும் தவறிவிடும்.

கலப்பு நேர்வது எப்படி?

ஒட்டு விதை உற்பத்தியில், பெண் ரகத்தின் மொட்டுகளில் உள்ள மகரந்தப் பைகளை மாலையில் நீக்கி, மறுநாள் காலையில் ஆண் ரகத்தின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். கை படாமல் தப்பிய மொட்டுகள் தம் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். அந்த விதையில் ஒட்டு வீரியம் இராது. சான்று பெற்ற ஒட்டுப் பருத்தி விதையில் இனத் தூய்மை குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். இதை வயலில் வளர்த்துப் பார்த்து உறுதிசெய்ய ஒரு பருவம் காத்திருக்க வேண்டும்.

மின்சாரத்தால் பிரித்தல்

விதையில் உள்ள புரதங்களைக் கொண்டு இரண்டு மூன்று நாட்களில் இதைக் கண்டறியலாம். இம்முறைக்கு எலெக்ட்ரோபோரசிஸ் என்று பெயர். இதில் ஆய்வு செய்த சுவீடன் விஞ்ஞானி டிசேலியஸ் 1948-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று பெரிதும் கையாளப்படும் முறையை லெம்லி 1970-ல் வெளியிட்டார்.

ஒவ்வொரு விதையையும் தனித்தனியே அரைத்து, எண்ணெய்ப் பசையை நீக்கி, புரதத்தைக் கரைசலாக எடுக்கிறார்கள். சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்ததும் எல்லாப் புரதங்களும் எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. பின்னர் ஜெல் என்னும் பாகு போன்ற தகட்டில் இட்டு மின்சாரம் செலுத்தினால் அவை நேர்மின் முனையை நோக்கி நகரும். முட்புதரில் கோழிக்குஞ்சு எளிதில் நுழைந்து ஓடும், எருமை சிக்கிக்கொள்ளும். அதுபோலச் சிறிய புரதங்கள் முந்திச் செல்ல, பெரியவை பின்தங்கும். நீலச் சாயம் ஏற்றியதும் அவை கோடுகளாகத் தெரியும்.

பெற்றோர் ரகங்களின் கோடுகள் வேறுபட்டிருந்தால், உண்மையான ஒட்டு விதையில் இரண்டின் கோடுகளும் இருக்கும். பெண் ரகத்தின் கோடுகள் மட்டும் இருந்தால் அது ஒட்டு விதை அன்று. நெருங்கிய உறவுள்ள ரகங்களில் கோடுகள் ஒன்றுபோல அமைவதுண்டு. அப்போது மரபணுச் சோதனை தேவைப்படும். முளைப்புத் திறனை இக்கோடுகள் காட்டா. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

உழவர்கள் செய்ய வேண்டியவை

* சான்று விதைக்கு நீல நிற அட்டை உண்டு. அதைப் பார்த்து வாங்கி, ரசீது பெற வேண்டும்.

* பையை அட்டை கிழியாமல் பிரிக்க வேண்டும்.

* விதைத்தபின் பை, அட்டை, ரசீது ஆகியவற்றுடன் ஒரு பிடி விதையையும் உலர்ந்த இடத்தில் அறுவடை வரை வைத்திருக்க வேண்டும்.

* வயலில் கலப்புத் தெரிந்தால், செடிகளைப் பிடுங்குமுன் விதை ஆய்வாளரிடம் முறையிட வேண்டும்.

எத்தனை நுட்பமான சோதனையானாலும் விதை இருந்தால்தான் நடத்த முடியும். முழுவதையும் விதைத்து, பையையும் எறிந்துவிட்ட பிறகு சோதனைக்கு எடுத்துச் செல்ல எதுவும் மிஞ்சாது. எடுத்துவைக்கும் அந்த ஒரு பிடி விதையே உழவரின் சாட்சி.