கப்பலில் 'லெஃப்ட்' கிடையாது!

குழந்தைகளே! 'போர்ட்' என்றால் என்ன என்று கேட்டால், ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் "துறைமுகம்" என்று சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான். ஆனால் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கப்பலின் இடது பக்கத்துக்கும் 'போர்ட்' என்றுதான் பெயர். வலது பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு' என்று பெயர்.

'லெஃப்ட்', 'ரைட்' என்ற எளிய சொற்கள் இருக்கும்போது மாலுமிகளுக்கு மட்டும் ஏன் தனிச் சொற்கள்?

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாமா? வகுப்பில் ஆசிரியர் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கைப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. உங்களுக்கு அது எந்தப் பக்கம்? இடது பக்கம்! ஆள் திரும்பி நின்றால் இடமும் வலமும் மாறிவிடும்.

கப்பலில் ஒருவர் முன்னால் பார்த்து நிற்பார். இன்னொருவர் பின்னால் பார்த்துக் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார். "இடது பக்கம் பாறை!" என்று ஒருவர் கத்தினால், யாருடைய இடது பக்கம்? யோசித்துக்கொண்டிருந்தால் கப்பல் பாறையில் மோதிவிடும். ஆகவே பக்கத்தின் பெயரை ஆளோடு சேர்க்காமல் கப்பலோடு சேர்த்துவிட்டார்கள். கப்பலின் முன்முனையைப் பார்த்து நிற்கும்போது இடக்கைப் பக்கம் வருவது போர்ட். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது.

பெயர் வந்த கதை

முற்காலத்தில் வட ஐரோப்பியக் கப்பல்களுக்குப் பின்புறத்தின் நடுவில் சுக்கான் கிடையாது. பின்பகுதியின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைப் பொருத்தி, அதைத் திருப்பித்தான் கப்பலைச் செலுத்தினார்கள். பெரும்பாலோருக்கு வலது கைதானே பழக்கம்! பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்' என்றால் செலுத்துதல், 'போர்டு' என்றால் கப்பலின் பக்கம். இரண்டும் சேர்ந்து 'ஸ்டார்போர்டு' ஆயிற்று. நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் வரும் 'போர்டு', பிளாக்போர்டில் வருகிறதே அந்த 'போர்டு'. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' வேறு சொல்.

வலப்பக்கத் துடுப்பு கரையில் இடித்து உடைந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் கப்பலின் இடது பக்கத்தைத்தான் கரையோடு அணைத்து நிறுத்தினார்கள். சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அந்தப் பக்கத்தில்தான். ஆகவே 'சுமை ஏற்றும் பக்கம்' என்ற பொருளில் அதற்கு வந்த பெயர்தான் நாளடைவில் 'லார்போர்டு' ஆனது என்பார்கள் சொல்லாராய்ச்சி செய்தவர்கள்.

அதில் ஒரு தொல்லை. 'லார்போர்டு', 'ஸ்டார்போர்டு' இரண்டையும் புயல் காற்றில் கத்திச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும்! எனவே துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பக்கத்தைப் 'போர்ட்' என்றே சொல்லும் வழக்கம் வந்தது. 1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை, "இனிமேல் லார்போர்டு வேண்டாம், போர்ட் என்றே சொல்லுங்கள்" என்று உத்தரவே போட்டுவிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அதைப் பின்பற்றியது.

சிவப்பும் பச்சையும்

இரவில் பெயர் சொன்னால் மட்டும் போதாது. பக்கம் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதற்காக ஓடும் கப்பலின் போர்ட் பக்கத்தில் சிவப்பு விளக்கும், ஸ்டார்போர்டு பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். விமானத்திலும் இப்படித்தான்: இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை.

இரண்டு இயந்திரக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் என்ன செய்வது? இரண்டுமே தத்தம் ஸ்டார்போர்டு பக்கமாகத் திரும்ப வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. அப்போது போர்ட் பக்கங்கள் எதிரெதிரே வர, கப்பல்கள் இடிக்காமல் ஒன்றையொன்று கடந்து போகும்.

மோதினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே, வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற கப்பலும் உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் அலையோடு வந்து எர்ணாவூர் கரையில் கருஞ்சேறாகப் படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் ஊழியர்களும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க மக்கள் தயங்கியதால் மீனவக் குடும்பங்கள் பல நாள் வருமானம் இழந்தன. கடலில் பக்கம் பார்த்துப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறதா?

நீங்களும் பாருங்கள்!

இருட்டியபின் பெரியவர்களோடு திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். கடலைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி, நில்லுங்கள். கரையை ஒட்டிப் போகும் கப்பலில் சிவப்பு விளக்கு தெரிந்தால், அதன் போர்ட் பக்கம் உங்களைப் பார்க்கிறது. அப்படியானால் அது வடக்கே, எண்ணூர்ப் பக்கம் போகிறது. பச்சை தெரிந்தால் தெற்கே, ராயபுரம் பக்கம் போகிறது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் இந்த விளக்குகள் எரியாது. வெள்ளை விளக்குகள்தான் தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. சிவப்பு, பச்சை இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தால் கப்பல் எந்தப் பக்கம் போகிறது?

(விடை: நேராக உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது!)